தூரதேசச் செய்தியும் அதன் விலையும்

வட அமெரிக்கா இன்னும் பிரிட்டிஷ் குடியேற்றங்களாகச் சிதறிக் கிடந்த காலத்தில், 1704ஆம் ஆண்டில், பாஸ்டன் நகரத்தில் தபால் அதிகாரியாக உத்தியோகம் பார்த்துவந்த ஜான் காம்ப்பெல் என்பவர் ‘பாஸ்டன் நியூஸ்-லெட்டர்’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அக்குடியேற்றங்களில் இடையறாது தொடர்ந்து வெளிவந்த முதற் பத்திரிகை அதுவே. கப்பலில் வந்து சேரும் லண்டன் பத்திரிகைகளிலிருந்து ஐரோப்பிய வர்த்தமானங்களைப் பொறுக்கி எடுத்து அச்சிடுவதே அதன் பெரும்பணி. காம்ப்பெலுக்கு ஒரு விசித்திரமான பிடிவாதம் இருந்தது. சம்பவங்களின் தொடர்ச்சி அறுந்துவிடலாகாது, ஆகையால் எதையும் விடாமல் நிகழ்ந்த வரிசையிலேயே பிரசுரிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பத்திரிகையோ ஒரே தாள். ஐரோப்பாவிலோ யுத்தத்துக்கும் சூழ்ச்சிக்கும் குறைவில்லை. விளைவு என்னவென்றால், 1718ஆம் ஆண்டு வாக்கில் அவருடைய அயல்நாட்டுச் செய்திகள் ஓராண்டுக்கும் மேலாகப் பின்தங்கிப்போய், லண்டனில் மறந்துபோன விஷயங்களைப் பாஸ்டன் வாசகர்கள் புதிதாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். முந்நூறு பிரதிகள்கூட விற்கவில்லை என்று காம்ப்பெல் தம் வாசகர்களிடமே முறையிட்டுக்கொண்டார்.

அதே நகரத்தில், ஒரு நூற்றாண்டு கழித்து, சாமுவேல் டாப்லிஃப் என்பவர் இந்தத் தொழிலை வேறு விதமாக நடத்தினார். துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் கரை சேரும்வரை காத்திராமல், படகில் சென்று அவற்றை எதிர்கொண்டு, மாலுமிகளின் வாய்மொழியையும் அவர்கள் கொண்டுவந்த பத்திரிகைகளையும் சேகரித்து, வணிகர்கள் வந்து கூடும் ஒரு வாசகசாலையில் ஏடுகளாக எழுதி வைத்தார். அங்கே வந்து படிக்க வணிகர்கள் மனமுவந்து சந்தா கட்டினார்கள். லிவர்பூலில் பருத்தி என்ன விலை போகிறது, எந்தத் துறைமுகம் முற்றுகையில் இருக்கிறது என்பதை அயலானுக்கு முன் தான் தெரிந்துகொள்வதில் லாபம் இருந்தது அல்லவா? காம்ப்பெலின் நஷ்டத்தையும் டாப்லிஃபின் வெற்றியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அயல்நாட்டுச் செய்தி என்ற சரக்கின் இயல்பு ஒருவாறு விளங்கிவிடும். அதை அறிய ஆசைப்படாதவர் இல்லை. ஆனால் அதற்காகக் கையிலிருந்து காசு கொடுப்பவர், அதனால் தமக்கு ஆதாயம் உண்டு என்று நம்புகிறவர் மட்டுமே.

பின்னர் வந்த பெரிய செய்தி ஸ்தாபனங்களின் வரலாறும் இதற்கு விலக்கன்று. 1835இல் பாரிஸில் ஹவாஸ், 1846இல் நியூயார்க்கில் அசோசியேட்டட் பிரஸ், 1849இல் பெர்லினில் வோல்ஃப், 1851இல் லண்டனில் ராய்ட்டர் என்று வரிசையாக எழுந்த நிறுவனங்களுள், ராய்ட்டரின் ஆதிமுதல் பங்குச் சந்தை விலைகளே. ஆகென் நகரத்துக்கும் பிரஸல்ஸுக்கும் இடையே தந்திக் கம்பி இல்லாத இடைவெளியில் ஜூலியஸ் ராய்ட்டர் புறாக்களை விட்டு அனுப்பியதும் அந்த விலைகளை முந்தித் தெரிவிக்கத்தான். 1870இல் ஐரோப்பிய நிறுவனங்கள் மூன்றும் உடன்படிக்கை செய்து, உலகத்தையே செய்திப் பரப்புகளாகத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. இன்றும் நம் பத்திரிகைகளில் வரும் அயல்நாட்டுச் செய்திகளில் பெரும்பாலானவை இத்தகைய நிறுவனங்களின் வழியாகவே வருகின்றன.

ஆனால் ஒரு பத்திரிகைக்குத் தனக்கென்று ஒரு சொந்த நிருபர் அயல்தேசத்தில் இருப்பது வேறு விஷயம். நிறுவனச் செய்தி, நடந்ததைச் சொல்லும். அங்கேயே குடியிருந்து, அந்நாட்டுப் பாஷையைக் கற்று, கடைத்தெருவிலும் கச்சேரியிலும் பழகிய நிருபர், அது ஏன் நடந்தது என்பதையும், தம் ஊர் வாசகருக்கு அதில் என்ன சம்பந்தம் என்பதையும் சேர்த்துச் சொல்வார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல், அமெரிக்காவின் தலைசிறந்த தேசியப் பத்திரிகைகள் மட்டுமன்றி, பால்டிமோர், பிலடெல்ஃபியா, சிகாகோ, பாஸ்டன் முதலிய நகரங்களின் தினசரிகளும் மாஸ்கோவிலும் ஜெருசலேமிலும் ஜொஹானஸ்பர்க்கிலும் நிருபர் நிலையங்களை வைத்துக்கொள்வதைத் தம் கௌரவமாகக் கருதின. ஒரு நிலையத்துக்கு, வீட்டு வாடகை, மொழிபெயர்ப்பாளர், வாகனம், பிரயாணம், காப்பீடு எல்லாம் சேர்த்து, 2007ஆம் ஆண்டுக் கணக்கில் ஆண்டுக்குக் குறைந்தது இரண்டரை லட்சம் டாலர் ஆகும் என்று மதிப்பிட்டார்கள்.

இந்தப் பணம் வாசகரின் சந்தாவிலிருந்து வந்ததன்று. பழைய கார் விற்பவரும், வீடு வாடகைக்கு விடுபவரும், வேலைக்கு ஆள் தேடுபவரும் கொடுத்த வரி விளம்பரங்களே மாஸ்கோ நிருபரின் வீட்டு வாடகையைக் கட்டின என்பது, கேட்கச் சற்று வேடிக்கையாக இருந்தாலும், உண்மை. இணையம் வந்து அந்த வரி விளம்பரங்களை ஏறக்குறைய இலவசமாகப் பிரசுரிக்கத் தொடங்கியவுடன், பத்திரிகை முதலாளிகள் செலவுக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அதில் அவர்கள் கண்ணுக்கு முதலில் பட்டது, தொலைவில் இருந்ததும், நீக்கினால் உள்ளூரில் கூக்குரல் எழாததுமான அயல்நாட்டு நிலையங்களே. அமெரிக்க ஜர்னலிசம் ரிவ்யூ என்ற சஞ்சிகை எடுத்த கணக்கின்படி, 2003இல் அந்நாட்டுத் தினசரிகளுக்கு 307 முழுநேர அயல்நாட்டு நிருபர்கள் இருந்தார்கள். எட்டு ஆண்டுகளுக்குள் அந்தத் தொகை 234 ஆகச் சுருங்கியது. ‘பாஸ்டன் குளோப்’ தினசரி, தன்னிடம் எஞ்சியிருந்த ஜெருசலேம், பெர்லின், பொகோட்டா ஆகிய மூன்று நிலையங்களையும் மூடிவிடுவதாக 2007 ஜனவரியில் அறிவித்தது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் தன் புதல்வர்கள் யுத்தம் செய்துகொண்டிருந்த ஒரு தேசத்தில், அவ்யுத்தத்தைத் தன் கண்ணால் பார்த்துச் சொல்லும் பத்திரிகைகள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தன.

இந்தச் சூழ்நிலையில்தான் குளோபல்போஸ்ட் என்ற இணையச் செய்தி ஸ்தாபனம் பிறந்தது. அதன் கர்த்தாக்கள் இருவர். பிலிப் பால்போனி தொலைக்காட்சிச் செய்தித் துறையில் பழுத்த அனுபவசாலி. நியூ இங்கிலாந்து கேபிள் நியூஸ் என்ற பிராந்தியச் செய்தி அலைவரிசையை 1992இல் நிறுவி, அதைப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நடத்தியவர். சார்லஸ் செனட், ‘பாஸ்டன் குளோப்’ பத்திரிகைக்காக ஜெருசலேமிலும் லண்டனிலும் நிலையத் தலைவராக இருந்தவர். தாம் வகித்த பதவியே தமக்குப் பின்னால் இல்லாமற்போவதைக் கண்டவர். ஒருவருக்கு வியாபாரம் தெரியும். மற்றவருக்கு நிருபர்களைத் தெரியும். பத்திரிகைகள் கைவிட்ட பணியை, அச்சுக்கூடமும் காகிதமும் விநியோக வண்டிகளும் இல்லாத இணையத்திலே, லாபம் நாடும் ஒரு கம்பெனியாகவே நடத்திக் காட்டலாம் என்று இருவரும் நம்பினார்கள்.

‘லாபம் நாடும்’ என்ற சொற்களை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அக்காலத்தில் இத்தகைய பொதுநல முயற்சிகளில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தரும ஸ்தாபனங்களின் நன்கொடையை எதிர்பார்த்தே இறங்கினார்கள். பால்போனியோ, பிறர் தயவில் பிழைக்கும் பத்திரிகை நெடுநாள் நிற்காது என்ற எண்ணம் கொண்டவர். ஆகவே முதலீட்டாளர்களைத் தேடிச் சென்று, எண்பது லட்சம் டாலருக்குச் சற்று அதிகமான மூலதனத்தைத் திரட்டினார். கேபிள் தொலைக்காட்சித் தொழிலின் முன்னோடிகளுள் ஒருவரான ஏமாஸ் ஹோஸ்டெட்டர், இணையத் தொழிலில் பெயர்பெற்ற பால் சேகன் ஆகியோரோடு, பெஞ்சமின் டெய்லரும் அதில் பணம் போட்டார். இந்த டெய்லர் யார் என்பது சுவாரஸ்யமானது. ‘பாஸ்டன் குளோப்’ பத்திரிகையை ஒரு நூற்றாண்டுக்கு மேல் பரம்பரையாக நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். 1993இல் நியூயார்க் டைம்ஸ் கம்பெனி அப்பத்திரிகையை 110 கோடி டாலருக்கு வாங்கிய பிறகு சிலகாலம் அதன் வெளியீட்டாளராக இருந்தவர். புதிய உரிமையாளர் மூடிய சாளரத்தைப் பழைய உரிமையாளரின் வாரிசு வேறொரு கட்டடத்தில் திறக்க முன்வந்தார் என்று இதைச் சொல்லலாம்.

அந்தக் கட்டடம், பாஸ்டன் துறைமுகத்து லூயிஸ் வார்ஃபில், பைலட் ஹவுஸ் என்று கப்பல் வழிகாட்டிகளின் பெயரைத் தாங்கி நிற்பது. அங்கிருந்து 2009 ஜனவரி 12ஆம் தேதி குளோபல்போஸ்ட் தன் பணியைத் தொடங்கியது. நாள் பார்த்துத் தொடங்கினார்கள் என்று சொல்ல இயலாது. லேமன் பிரதர்ஸ் வங்கி முந்தைய செப்டம்பரில்தான் திவாலாகியிருந்தது. விளம்பரதாரர்கள் பணப்பையை இறுக முடிந்துகொண்டிருந்தார்கள். தொடங்கிய மறுமாதமே டென்வர் நகரத்தின் ‘ராக்கி மவுன்டன் நியூஸ்’ என்ற பழம்பெரும் தினசரி நின்றுபோயிற்று. மார்ச் மாதத்தில், பாஸ்டனிலேயே பிறந்து, அயல்நாட்டுச் செய்திக்கென்றே உலகப் புகழ் பெற்றிருந்த ‘கிறிஸ்டியன் சயன்ஸ் மானிட்டர்’ தன் தினசரி அச்சுப் பதிப்பை நிறுத்திக்கொண்டது.

குளோபல்போஸ்ட் நிருபர்களை அமர்த்திய முறையைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்; பின்னால் நேர்ந்தவற்றுக்கெல்லாம் அதுவே அடிப்படை. ஏறத்தாழ 45 நாடுகளில் ஏறத்தாழ 65 நிருபர்களை அது தேர்ந்துகொண்டது. அவர்கள் அமெரிக்காவிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் அல்லர். ஏற்கனவே அந்தந்த நாடுகளில் குடியிருந்து எழுதிக்கொண்டிருந்தவர்கள். மாதம் நான்கு கட்டுரைகள் எழுத வேண்டும். அதற்கு ஆயிரம் டாலர் சம்பாவனை. அதற்கு மேல், கம்பெனியின் பங்குகளில் ஒரு சிறு பகுதி. பழைய பத்திரிகை ஒன்று ஒரே ஒரு நிலையத்துக்குச் செலவிட்ட இரண்டரை லட்சம் டாலரில், இந்தக் கணக்குப்படி இருபது நிருபர்களை ஓராண்டு வைத்துக்கொள்ளலாம். வேறு பத்திரிகைகளுக்கு எழுதவும் அவர்களுக்குத் தடையில்லை. தடை விதித்திருந்தால் அவர்கள் பட்டினிதான் கிடக்க நேர்ந்திருக்கும். வீட்டு வாடகை, காப்பீடு, ஓய்வூதியம் என்று பழைய பத்திரிகை தன் தலைமேல் சுமந்த பாரங்களெல்லாம் இந்த ஏற்பாட்டில் நிருபரின் தலைக்கு மாறின. இதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. வேலை இழந்து நின்ற அனுபவசாலிகள் பலர் நன்றியோடேயே சேர்ந்தார்கள். ஆனால் சிக்கனம் என்று நாம் கொண்டாடும் பலவற்றைப் போலவே, இதுவும் செலவை ஒழிக்கவில்லை, இடம் மாற்றியது என்பதே என் அபிப்பிராயம்.

சரக்கைப் பொறுத்தமட்டில் அந்த ஸ்தாபனம் தன் வாக்கைக் காப்பாற்றியது. 2009இலேயே அதன் காபூல் நிருபர் ஜீன் மெக்கென்ஸி, ஆப்கானிஸ்தானத்தில் சாலையும் பாலமும் கட்ட அமெரிக்கா அள்ளிக்கொடுத்த உதவிப் பணத்தில் ஒரு பங்கு, ஒப்பந்தக்காரர்கள் கட்டும் பாதுகாப்புக் கப்பமாகத் தாலிபான்களிடமே போய்ச் சேர்கிறது என்பதை விசாரித்து எழுதினார். அமெரிக்க வீரர்களைச் சுடும் துப்பாக்கிக்கு அமெரிக்கக் குடிமகனின் வரிப்பணமே மருந்து வாங்கித் தருகிறது என்ற இந்தச் செய்தி வாஷிங்டனை அசைத்தது. அயல்நாட்டு உதவித் துறையின் தலைமைத் தணிக்கையாளர் விசாரணை தொடங்கினார். நாம் கையில் வைத்திருக்கும் மின்னணுச் சாதனங்களைத் தைவானிலும் சீனத்திலும் செய்துகொடுக்கும் தொழிற்சாலைகளின் உள்நிலைமையை ஆராய்ந்த கட்டுரைத் தொடர் ஒன்றும் அதே ஆண்டில் வந்தது. அரபு நாடுகளில் கிளர்ச்சி மூண்ட 2011இல், ஒளிப்படக் கருவியும் தோளுமாகக் களத்திலேயே நின்ற அதன் நிருபர்கள் எகிப்து, லிபியா, சிரியா மூன்றிலிருந்தும் அனுப்பிய காட்சிகளைப் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களும் கேட்டு வாங்கின. லிபியாவின் சர்வாதிகாரி கடாஃபி பிடிபட்ட வேளையில் போராளி ஒருவர் எடுத்த காட்சியை உலகம் கண்டதும் இதன் வழியாகத்தான். ஒலிபரப்புத் துறையின் உயர்ந்த கௌரவமாகிய பீபாடி விருது, பிறந்து சில ஆண்டுகளே ஆன இந்த ஸ்தாபனத்துக்குக் கிடைத்தது.

வரவு மட்டும் செலவை எட்டிப் பிடிக்கவில்லை. மூன்று வழிகளில் வருமானம் வரும் என்பது பால்போனியின் திட்டம். முதலாவது விளம்பரம். இரண்டாவது, தன் நிருபர்களின் கட்டுரைகளைப் பிற பத்திரிகைகளுக்கும் தொலைக்காட்சிக்கும் விற்பது. சொந்த நிருபர்களை நீக்கிவிட்ட தினசரிகள் சில இவற்றை வாங்கின, சி.பி.எஸ். தொலைக்காட்சி 2009 செப்டம்பரில் ஒப்பந்தம் செய்துகொண்டது. மூன்றாவது, ‘பாஸ்போர்ட்’ என்ற பெயரில் ஒரு சந்தா. ஆண்டுக்கு 199 டாலர் கட்டினால், நிருபர்களோடு தொலைபேசி வழியாக நேரடியாகக் கலந்துரையாடலாம், விசேஷக் கட்டுரைகளைப் படிக்கலாம், எந்தப் பொருளைப் பற்றி எழுத வேண்டும் என்று யோசனையும் சொல்லலாம். டாப்லிஃபின் வாசகசாலையை நினைவூட்டும் இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மெச்சுகிறேன்; ஆனால் மெச்சுவதற்கும் சந்தா கட்டுவதற்கும் வெகுதூரம். விலையைக் குறைத்தும் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. இணையத்தில் வரும் செய்தி இலவசமாகத்தான் இருக்க வேண்டும் என்று வாசகர் அனைவரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. நியூயார்க் டைம்ஸ் போன்ற பெரும் பத்திரிகையே தன் இணையப் பதிப்புக்கு 2011 மார்ச் மாதத்தில்தான் துணிந்து கட்டணம் விதித்தது.

விளம்பர வருமானமோ பார்வையாளர் தலைக்கணக்கைப் பொறுத்தது. ஆப்பிரிக்காவின் சாகெல் வறள்நிலப் பகுதியின் பஞ்சத்தைப் பற்றிய நல்ல கட்டுரைக்கு வரும் தலைகளைவிட, யாரோ ஒரு நடிகையின் விவாகரத்துக்கு வரும் தலைகள் அதிகம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? இதற்கிடையில், கேளிக்கைத் துணுக்குகளால் கூட்டம் சேர்த்துப் பணம் பண்ணிய பஸ்ஃபீட், வைஸ் போன்ற புதிய நிறுவனங்களும், முதலீட்டாளர்களின் பெரும் பணத்தோடு அயல்நாட்டுச் செய்தித் துறையில் இறங்கின.

இந்தக் கணக்கு வழக்குகளையெல்லாம் சிறிதாக்கிவிட்ட சம்பவம் ஒன்று இதன் வரலாற்றில் உண்டு. அதுவே குளோபல்போஸ்ட் என்ற பெயரை உலகம் அறியச் செய்தது. அத்தகைய புகழை எந்த ஸ்தாபனமும் விரும்பியிராது.

ஜேம்ஸ் ஃபோலி, நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் வளர்ந்தவர். ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியராகச் சிலகாலம் பணியாற்றிவிட்டு, முப்பது வயதுக்கு மேல் பத்திரிகைத் துறைக்கு வந்தவர். குளோபல்போஸ்டுக்குச் செய்தி அனுப்பிய சுயேச்சை நிருபர்களுள் அவரும் ஒருவர். 2011 ஏப்ரல் 5ஆம் தேதி, லிபியாவில் பிரேகா நகரத்தருகே, கடாஃபியின் படையினர் அவரையும் உடன் சென்ற நிருபர்களையும் தாக்கினார்கள். ஆன்டன் ஹாமர்ல் என்ற தென்னாப்பிரிக்கப் படப்பிடிப்பாளர் அங்கேயே சுடப்பட்டு மாண்டார். மற்றவர்கள் சிறைப்பட்டு, ஆறு வாரங்களுக்குப் பின்னர் மே மாதம் 18ஆம் தேதி விடுதலையானார்கள். ஊர் திரும்பிய ஃபோலிக்குப் பாஸ்டன் காரியாலயத்தில் மேஜை வேலை கொடுத்துப் பார்த்தார்கள். அவர் மனம் அதில் ஒட்டவில்லை. அவ்வாண்டு இலையுதிர்காலத்திலேயே லிபியாவுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு சிரியாவுக்குச் சென்றார்.

2012 நவம்பர் 22ஆம் தேதி, வடமேற்குச் சிரியாவிலிருந்து துருக்கி எல்லையை நோக்கித் திரும்பும் வழியில், ஆயுதபாணிகள் அவரது வாகனத்தை மறித்து, அவரையும் ஜான் கேன்ட்லீ என்ற ஆங்கிலேயப் படப்பிடிப்பாளரையும் கடத்திக்கொண்டு போனார்கள். குடும்பத்தாரும் ஸ்தாபனமும் ஆறு வாரங்கள்வரை செய்தியை வெளியிடாமல் மௌனம் காத்தார்கள். பின்னர் பால்போனி தனியார் புலனாய்வு நிறுவனம் ஒன்றை அமர்த்தித் தேடச் செய்தார். அந்த முயற்சிக்கு லட்சக்கணக்கான டாலர்களைத் தம் கம்பெனி செலவிட்டதாக அவர் பின்னாளில் தெரிவித்தார். 2013 மே மாதத்தில், ஃபோலி சிரியா அரசாங்கத்தின் உளவுப் படையிடம் டமாஸ்கஸ் அருகே சிறையிருப்பதாக நிச்சயமாய் நம்புகிறோம் என்று பால்போனி பகிரங்கமாகவே அறிவித்தார். அது தவறு. ஃபோலி இருந்தது இஸ்லாமிய அரசு என்று தன்னை அழைத்துக்கொண்ட கும்பலின் கையில். அவ்வாண்டு நவம்பரில் அவர்களிடமிருந்து குடும்பத்தாருக்கு மின்னஞ்சல் வந்தது. பத்துக் கோடி யூரோ கப்பம் கேட்டார்கள். ஐரோப்பியப் பிணைக்கைதிகள் பலர் பணம் கொடுத்து மீட்கப்பட்டபோது, கப்பம் கொடுப்பது குற்றம், வழக்குத் தொடரவும் நேரலாம் என்று அமெரிக்க அதிகாரிகளிடமிருந்து தாம் கேட்க நேர்ந்ததாக ஃபோலியின் தாயார் டயான் பின்னர் வருந்திச் சொன்னார். 2014 ஜூலை தொடக்கத்தில் அமெரிக்க விசேஷப் படையினர் ராக்கா நகரத்தருகே இறங்கித் தேடினார்கள்; கைதிகளை அதற்கு முன்பே வேறிடத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஆகஸ்ட் 12ஆம் தேதி கடைசி மின்னஞ்சல் வந்தது. 19ஆம் தேதி, ஃபோலி கொலையுண்ட காட்சி இணையத்தில் வெளியிடப்பட்டது.

அந்தக் கடைசி மின்னஞ்சலைக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு குளோபல்போஸ்ட் முழுவதுமாகப் பிரசுரித்தது. பிரசுரித்தது சரியா என்று அப்போது சிலர் கேட்டார்கள். சரி என்றே நான் கருதுகிறேன். செய்தி ஸ்தாபனம் தன் வீட்டில் நேர்ந்த மரணத்தையும் செய்தியாகவே எழுத வேண்டிய கடமையிலிருந்து தப்ப முடியாது. சுயேச்சை நிருபர் ஒருவர் காணாமற்போனால், அவர் எங்கள் ஊழியர் அல்லர் என்று சட்டத்தைக் காட்டி ஒதுங்கிக்கொள்ள வழியிருந்தும், இந்தச் சிறு கம்பெனி அப்படி ஒதுங்காமல், தன் கஜானாவுக்கு மிஞ்சிய செலவை ஏற்றுக்கொண்டது என்பதையும் நாம் கணக்கில் வைக்க வேண்டும். எனினும், நிலையான உத்தியோகமும் காப்பீடும் இல்லாத நிருபரின் உழைப்பின் மேல் அயல்நாட்டுச் செய்தியைக் கட்டி எழுப்பலாம் என்ற ஏற்பாட்டிலே, அபாயத்தின் பாரம் யார் மேல் விழுகிறது என்ற கேள்வி, ஃபோலிக்குப் பின் எந்தப் பத்திரிகையாளரும் தட்டிக்கழிக்க முடியாததாகிவிட்டது.

ஃபோலி கொலையுண்ட அடுத்த மாதமே பிரெஞ்சுச் செய்தி நிறுவனமான ஏ.எஃப்.பி., தன் சொந்த ஊழியர்களை அனுப்பத் துணியாத சிரியப் பகுதிகளிலிருந்து சுயேச்சை நிருபர்கள் கொண்டுவரும் செய்தியையும் படத்தையும் வாங்குவதில்லை என்று அறிவித்தது. 2015 பிப்ரவரியில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், சுயேச்சை நிருபர்களின் பாதுகாப்பு பற்றிய விதிகள் சில வெளியிடப்பட்டன. முதலுதவிப் பயிற்சி, காப்பீடு, நியாயமான ஊதியம், கடத்தப்பட்டால் தன் ஊழியருக்குச் செய்வதையே அவருக்கும் செய்வது என்ற நெறிகளைப் பெரிய செய்தி நிறுவனங்கள் கையெழுத்திட்டு ஏற்றன. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஜனாதிபதி ஒபாமா பிணைக்கைதிகள் பற்றிய அரசாங்கக் கொள்கையைத் திருத்தி, இதற்கென்றே ஒரு விசேஷத் தூதரை நியமிக்க ஏற்பாடு செய்தார். ஃபோலியைச் சிறைவைத்த கும்பலைச் சேர்ந்த எல் ஷஃபீ எல்ஷேக், அலெக்சாண்டா கோட்டி ஆகிய இருவருக்கும் வர்ஜீனியா மாகாணத்திலுள்ள கூட்டரசு நீதிமன்றம் 2022இல் ஆயுள் தண்டனை விதித்தது.

கம்பெனியின் முடிவு அமைதியாகவே வந்தது. 2015 செப்டம்பரில், பாஸ்டனின் பொது ஒலிபரப்பு ஸ்தாபனமான டபிள்யூ.ஜி.பி.எச். குளோபல்போஸ்டை வாங்கிக்கொண்டது. 1996 முதல் பி.பி.சி.யோடு கூட்டாக நடந்துவந்த ‘தி வேர்ல்ட்’ என்ற வானொலி உலகச் செய்தி நிகழ்ச்சியோடு அதன் செய்திப் பணி இணைக்கப்பட்டது. நேயர்களின் நன்கொடையையும் தரும ஸ்தாபனங்களின் மானியத்தையும் கொண்டு நடக்கும் நிறுவனத்திடமே, நன்கொடையில் பிழைப்பதில்லை என்று உறுதிபூண்டு தொடங்கிய கம்பெனி கடைசியில் போய்ச் சேர்ந்தது. ஆறு ஆண்டும் எட்டு மாதமும் அது சுதந்திரமாக வாழ்ந்தது. அதன் கால்பங்கு ஆயுளில் ஓய்ந்துபோன இணையப் பத்திரிகைகள் ஏராளம் என்பதால், இதைத் தோல்வி என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அதன் கட்டுரைகளில் குறையில்லை. கட்டுரைக்கு விலை கொடுக்கும் பழக்கம் வாசகரிடம் வேரூன்றுமுன் அதன் மூலதனம் தீர்ந்துவிட்டது.

கர்த்தாக்கள் இருவரும் ஓய்ந்து உட்கார்ந்துவிடவில்லை. பால்போனி 2016இல், உலகச் செய்திகளைச் சுருக்கமாகத் தொகுத்து நாள்தோறும் மின்னஞ்சலில் அனுப்பும் ‘டெய்லிசாட்டர்’ என்ற சிறு வெளியீட்டைத் தொடங்கினார். இம்முறையும் சந்தாவை நம்பியே. செனட், ஸ்தாபனத்துக்குள்ளே இருந்தபோதே முளைவிட்ட ‘கிரவுண்ட்ட்ரூத்’ என்ற இலாப நோக்கமற்ற அமைப்பைத் தனியாக நடத்தி, இளம் நிருபர்களை அயல்நாடுகளுக்கு அனுப்பிப் பயிற்றுவித்தார். அதற்குள் அமெரிக்கச் சிற்றூர்களின் உள்ளூர்ப் பத்திரிகைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூடத் தொடங்கியிருந்தன. காபூலுக்கும் கெய்ரோவுக்கும் நிருபர் இல்லாத குறையை நீக்கக் கிளம்பிய அதே மனிதர், ஸ்டீவன் வால்ட்மன் என்பவரோடு சேர்ந்து 2017இல் ‘ரிப்போர்ட் ஃபார் அமெரிக்கா’ என்ற திட்டத்தை ஆரம்பித்து, முதலில் அனுப்பிய நிருபர்களில் மூவரைத் தம் சொந்த நாட்டின் அப்பலாச்சிய மலைப்பிரதேசத்துச் செய்தி நிறுவனங்களுக்கு அனுப்பி வைத்தார்.